ஒன்றும் ஆகாது

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி பரவியதும், வாழ்த்துக் கூற வருவோர் அனைவரும் தவறாமல் சொல்லிச் செல்லும் சொற்றொடர் ஒன்று உண்டு. "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்பார்கள். முதன்முறை தாய்மை எய்துபவளுக்கு அது ஒரு மங்கலச் சொல். கேட்டு, முறுவலித்து, மறந்துவிடலாம். அந்த 'ஒன்று' ஏற்கெனவே ஆகிவிட்டதைத் தன் உடலாலேயே கண்டவளுக்கோ, அது பேசாதே என்பதன் நாகரிகமான வடிவமாகவே செவியில் விழுகிறது. சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த அன்பு, நமக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் பழமொழி. எனக்கு மூன்று மறுபிறப்புகள் வாய்த்தன. மூன்றாவதற்கு முன் நான் கொண்ட அச்சத்தைப் பற்றியும், அந்த அச்சத்தோடு ஒன்பது திங்கள் குடித்தனம் நடத்திய விதத்தைப் பற்றியுமே இங்கு எழுத விழைகிறேன். பெண்கள் அடுக்களைக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் செய்தி இலக்கிய மலரில் இடம்பெறலாமா என்று முதலில் தயங்கினேன். போர்க்களத்தைப் பாடக் காவியங்கள் இருக்கையில் பேற்றறையைப் பற்றி ஒரு கட்டுரையாவது இருக்கட்டுமே என்றார் என் கணவர். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

முதற்பேறு 2009ஆம் ஆண்டில். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து, வழக்கப்படி உறையூரிலுள்ள தாய்வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றிருந்தார்கள். 38ஆவது வாரத்தில் கால்வீக்கம் முகத்துக்கு ஏறியது. ஓயாத தலைவலி; கண்முன்னே மின்மினிகள் பறப்பது போன்ற பொறிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் வழக்கமாகச் சென்றுவந்த தனியார் மருத்துவ நிலையத்தில் பணியில் இருந்தவர்கள், "தலைச்சன் பிள்ளைக்காரிக்கு நீர் வைப்பது இயல்புதான்" என்று கூறி, இரத்த அழுத்தத்தை அளக்காமலே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவு எனக்கு வலிப்புக் கண்டது. பின்னர் நடந்தவையெல்லாம் பிறர் சொல்ல நான் அறிந்தவை: வாடகைக் கார், பெரிய மருத்துவமனை, மக்னீசியம் சல்பேட் ஊசி. நான் கண்விழித்தது மூன்றாம் நாள். என் மகன் உயிரின்றிப் பிறந்து, நான் காணும் முன்பே அடக்கம் செய்யப்பட்டிருந்தான்.

அந்த நோய்க்கு எக்லாம்ப்சியா என்று பெயர். திடீரென ஒளி வீசுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. மின்னல் போல முன்னறிவிப்பின்றித் தாக்கும் என்று பழைய மருத்துவர்கள் கருதியதால் அப்பெயர் அமைந்திருக்கலாம். ஆனால் மின்னலைப் போன்றதன்று அது. பெரும்பாலும் சொல்லிக்கொண்டே வருகிறது. கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளந்து பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும். அந்த இரண்டு நிமிடங்களை நான் பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பேறு 2012ஆம் ஆண்டு நவம்பரில், தில்லியில். இம்முறை அளவுகள் ஒழுங்காக எடுக்கப்பட்டன. அதனாலேயே உயிர் பிழைத்தேன். 31ஆவது வாரத்தில் அழுத்தம் 170/110 என்று ஏறியதும் மருத்துவமனையில் சேர்த்து, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசிகளைப் போட்டு, அறுவை செய்து எடுத்தார்கள். என் மகள் 1,250 கிராம் இருந்தாள். அவ்வூசியின் பயனை லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு நியூசிலாந்து மருத்துவர்கள் 1972ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக் கூறினார்கள். செம்மறியாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது லிக்கின்ஸ் எதிர்பாராமல் கண்டது அதன் தொடக்கம். எங்கோ ஒரு தீவில் சில ஆட்டுக்குட்டிகள் மூச்சுவிட்டதால் என் மகள் ராமகிருஷ்ணபுரத்தில் மூச்சுவிடுகிறாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

ஐந்து வாரங்கள் அவளைக் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவில் வைத்திருந்தார்கள். தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டில், காப்புப் பெட்டிகள் போதாமையால் தாயின் மார்போடு குழந்தையை அணைத்துக் கட்டி வைக்கும் முறை ஒன்றைத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்பார்கள். பகலில் நானும் மாலையில் என் கணவரும் அவ்வாறு அவளைச் சுமந்தோம். அலுவலகத்திலிருந்து கோப்புக்கட்டோடு வந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு உட்காரும் மத்திய அரசு அலுவலரை அங்கிருந்த தாதியர் முதலில் வேடிக்கை பார்த்தார்கள்; பிறகு மற்ற தகப்பன்மாருக்கு அவரையே உதாரணம் காட்டினார்கள். ரயிலில் இடம் கிடைத்து என் தாயார் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு வயது ஐந்து நாள்.

அதன்பின் ஐந்தாண்டுகள். 2017ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் முறை கருவுற்றேன். வேண்டும் என்று விரும்பியே ஏற்றது. ஆயினும் உறுதியான அன்றிரவு நான் உறங்கவில்லை. மகிழ்ச்சியும் நடுக்கமும் ஒரே பாயில் படுத்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாயிலை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. பரிசோதனைக்குப் போகாவிட்டால் ஆபத்து. போனாலோ அந்த மருந்து நெடியும், பட்டை கையை இறுக்கும் அழுத்தமும் பழைய நாள்களை எழுப்பிவிடும். மருத்துவமனையில் ஒருமுறை பரிசோதனை முடிந்து வீடு திரும்பினால் இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் அடுத்த பரிசோதனையைப் பற்றிய கவலை தொடங்கிவிடும்.

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு பஞ்சாபி அம்மையார். வெளியே நாற்பது பெண்களாவது காத்திருந்தார்கள். அவர் என் பழைய தாள்களை வாங்கினார். திருச்சித் தாளில் இருந்தது நான்கு வரி. தில்லிக் கோப்போ தடித்திருந்தது. அதன் ஓரத்தில் முன்பு யாரோ 'பயந்த சுபாவம் உடையவர்' என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள். அம்மையார் அதைப் படித்தார். கோப்பை மூடி வைத்துவிட்டு, "இதிலே இருப்பதை நான் படித்துக்கொள்வேன். நீ முதலிலிருந்து சொல், மகளே. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?" என்று இந்தியில் கேட்டார்.

எட்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர். என் உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை; வழக்கறிஞரிடம் வழக்கைச் சொல்வது போல் நாள், மணி, வரிசை பிசகாமல் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. முடிவில் அந்தப் பழைய குறிப்பை ஒரே கோடாக அடித்து, அதன் கீழே, முன்பு வலிப்பும் மகப்பேறிழப்பும் நேர்ந்தவர், இவர் எதையேனும் சொன்னால் உடனே கவனிக்க வேண்டும் என்ற கருத்தில் இரண்டு வரி எழுதினார். அந்த இரண்டு வரி எனக்குத் தந்த வலிமையை எந்த ஆசிமொழியும் தந்ததில்லை.

பிறகு அவர் கணக்குச் சொன்னார். முந்தைய குழந்தை 34 வாரத்துக்கு முன் இந்நோயால் பிறந்திருந்தால், அடுத்த கருவிலும் நோய் வருவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. வந்தாலும் பெரும்பாலும் முன்னதைவிடத் தாமதமாகவே வரும். மூன்றில் ஒன்று என்பது சிறிய எண்ணன்று. இருந்தாலும் என் மனத்தில் அதுவரை மூன்றில் மூன்றாகவே இருந்ததை யார் அறிவார்? உண்மையான எண், அது எவ்வளவு கசப்பானதாயினும், கற்பனையில் வளர்ந்துவிட்ட எண்ணைக் காட்டிலும் சிறியதாக இருந்தது.

12ஆவது வாரம் முதல் இரவுதோறும் சிறிய அளவு ஆஸ்பிரின் உண்ணச் சொன்னார். தலைவலிக்கென்று 1899 முதல் விற்கப்பட்டுவரும் அதே மருந்துதான். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 1,700க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டில்தான் வெளியாகியிருந்தது: 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் உண்டவர்களிடையே, 37 வாரத்துக்கு முன்பே குழந்தையை வெளியே எடுக்கவேண்டிய அளவுக்கு வரும் நோய் 62 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லாக் கருவுற்றவர்களுக்கும் உரியதன்று அம்மருந்து. மருத்துவர் ஆராய்ந்து கொடுத்தால் மட்டுமே கொள்ளத்தக்கது. எனக்கோ அந்தச் சிறு மாத்திரை இரட்டைப் பணி செய்தது. இரவு ஒன்பது மணிக்கு அதை விழுங்கிய பிறகு, இன்றைக்கு நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று கவலைக்கு ஒரு தாழ்ப்பாள் போட முடிந்தது.

பிரசவம் பார்க்கும் கலை மனித குலத்தின் அளவுக்குப் பழையது. பிரசவத்துக்கு முன்பே தாயைத் தொடர்ந்து பார்க்கும் வழக்கமோ ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் குழந்தை. எடின்பரோ நகர மருத்துவர் பாலன்டைன் 1901ஆம் ஆண்டில் கருவுற்ற பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று எழுதினார். 1929ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுச் சுகாதார அமைச்சகம், 16, 24, 28 ஆகிய வாரங்களிலும், பிறகு 36 வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை வகுத்தது. அதன் சாயல் இன்னும் பல நாடுகளில் மறையவில்லை. நான்கு முறை பார்த்தால் போதும் என்று இடையில் சொல்லி வந்த உலக சுகாதார நிறுவனம், 2016ஆம் ஆண்டில் குறைந்தது எட்டு முறை வேண்டும் என்று திருத்திக்கொண்டது. அப்போது 'வருகை' என்ற சொல்லை விடுத்து, 'தொடர்பு' என்று பொருள்படும் சொல்லை அந்நிறுவனம் ஆண்டது. சொல்லாய்வில் விருப்பமுள்ள நம்மவர்க்கு இம்மாற்றம் சுவைக்கும். தாய் வந்து போவது வருகை. அவளும் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசினால்தானே தொடர்பு?

நம் நாட்டிலும் அதே 2016ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வந்தது. மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களை மருத்துவர்களே கட்டணமின்றிப் பார்ப்பார்கள். ஆபத்து மிகுந்தவர்களின் அட்டையில் சிவப்பு ஒட்டுவில்லை ஒட்டுவார்கள். 2018 ஜனவரி 9ஆம் தேதி என் அட்டையிலும் அது ஏறியது. பேருந்தில் அட்டையைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைக் கண்ட என் மகள், "உனக்கு மட்டும் ஏன் சிவப்புப் பொட்டு?" என்று கேட்டாள். வரிசையில் என்னை முதலில் கூப்பிடுவார்கள் என்றேன். உண்மையும் அதுதான்.

இரத்த அழுத்தக் கதை வேறு. மருத்துவமனையில் அளந்தால் எனக்கு அது எப்போதும் கூடுதலாகவே காட்டியது. வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஏறும் அழுத்தம் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. அம்மையார் வீட்டிலேயே அளக்கும் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார். "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாம் முறை அளந்தாயானால் கருவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும்" என்று நிபந்தனையும் விதித்தார். என் போன்றவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நாளொன்றுக்கு இரண்டு வரியாக எழுதி வந்தேன். வீட்டில் அளப்பதால் நோயை முன்னதாகக் கண்டுபிடிக்க முடிவதில்லை என்று ஆங்கில நாட்டு ஆய்வுகள் 2022ஆம் ஆண்டில் கூறின. நான் அதை மறுக்கவில்லை. அக்குறிப்பேட்டால் நான் பெற்றது வேறு பயன். முதற்பேற்றில் யாரும் அளக்காத அந்த அழுத்தத்தை இப்போது நாள்தோறும் என் கையே அளந்து எழுதியது.

ஸ்கேன் அறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கருவிலிருக்கும் சிசுவை ஒலியலையால் காணும் வித்தையை கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் அவர் தோழர்களும் 1958ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார்கள். அறைச் சுவரில், பாலினம் கூறுவது குற்றம் என்ற பலகை. 1994ஆம் ஆண்டுச் சட்டம். அதனாலோ வேலை மிகுதியாலோ அவ்வறையில் இருப்பவர்கள் பேசுவதேயில்லை. திரையை உற்று நோக்கும் அந்த மௌனம், ஒரு குழந்தையை இழந்தவளுக்கு நரகம். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. இதை அம்மையாரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் யோசித்து, ஸ்கேன் எடுக்கும் இளம் மருத்துவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவ்விளைஞர் திரையை என் பக்கம் திருப்பி, "இதயம் துடிக்கிறது, பாருங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற அளவுகளுக்குச் சென்றார். இதற்கு அரை நிமிடமும் ஆகவில்லை, செலவும் இல்லை. எல்லா இடங்களிலும் இது ஏன் வழக்கமாகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

குழந்தையின் அசைவைக் கவனிக்கும் பழக்கமும் இருந்தது. எண்ணிக்கொண்டே இருப்பதைக் காட்டிலும், அந்தக் குழந்தைக்கு இயல்பான அசைவு எது என்று தாய் அறிந்திருந்து, குறைந்ததாகத் தோன்றினால் மறுநாளைக்கு ஒத்திப் போடாமல் அன்றே சென்றுவிட வேண்டும் என்பது அம்மையார் கட்டளை. இரண்டு முறை அவ்வாறு நள்ளிரவில் சென்றேன். இரண்டு முறையும் குழந்தை நலம். "வீணாக வந்துவிட்டேனோ?" என்று கேட்டதற்கு, "வீணாக வருவதற்குத்தான் விளக்கெரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்" என்றார் இரவுப்பணித் தாதி ஒருவர். கேரளத்துப் பெண்; தமிழிலேயே சொன்னார்.

ஏப்ரல் மாதம் வந்தது. மூத்தவள் பிறந்த அதே 31ஆவது வாரம் நெருங்கியது. அந்த வாரத்துக்கென்று அம்மா இம்முறை முன்னதாகவே வந்துவிட்டார். இரண்டு இரவு ரயிலில் கழித்து, கையில் திருக்கருகாவூர் விளக்கெண்ணெய்ச் சீசாவோடு நிஜாமுதீன் நிலையத்தில் இறங்கினார். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்த எண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்வது தஞ்சைப் பக்கத்து வழக்கம். மருத்துவ அம்மையாரிடம் கேட்டேன். "தடவிக்கொள், ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தாதே" என்று சிரித்தார்.

அந்த வாரம் நான் பேச்சை இழந்திருந்தேன். குறிப்பேட்டில் எண்கள் ஒழுங்காகவே இருந்தன. எண்கள் அறிவுக்குப் போதுமானவையாக இருந்தன, உடலுக்குப் போதவில்லை. ஓர் இரவு மின்தடை. வெக்கையில் மாடிக்குச் சென்று உட்கார்ந்திருந்தோம். எண்ணெய் தடவிக்கொண்டே அம்மா மலைக்கோட்டைக் கதையைச் சொல்லத் தொடங்கினார். பேறுகாலத்துக்கு வந்துகொண்டிருந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, ஈசனே தாயின் உருவில் வந்து அந்தப் பெண்ணுக்குப் பேறு பார்த்த கதை; தாயுமானவர் என்ற பெயரின் வரலாறு. சிறுவயது முதல் எத்தனையோ முறை கேட்டது. அன்று பாதியில் அம்மா நிறுத்திவிட்டார்.

"எனக்கு அக்கரையிலே வெள்ளம் இல்லை, கண்ணு. உன் பக்கத்திலேதான் இருந்தேன். அப்படியும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்றார்.

ஒன்பது ஆண்டுகளில் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசியதேயில்லை. நானும் கேட்டதில்லை, அவர் மனம் நோகும் என்று நான் இருந்தேன், என் மனம் நோகும் என்று அவர் இருந்திருக்கிறார். அன்று கேட்டேன். அவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். தலை நிறைய முடி என்றார். காது மடல் அப்பாவைப் போல் சற்று வெளியே விரிந்திருந்தது என்றார். என் பழைய மஞ்சள் சேலையில் ஒரு பாதியைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாராம். காவிரிக் கரையில் எந்த இடம் என்றும், பக்கத்தில் ஒரு புங்க மரம் உண்டு என்றும், ஆடிப்பெருக்கன்று கூட்டத்தோடு கூட்டமாக அங்கே போய்ச் சற்று நின்றுவிட்டு வருவதாகவும் சொன்னார். மறுபாதிச் சேலை அவர் பெட்டியில் இருக்கிறதாம். மின்சாரம் வந்து கீழே விளக்குகள் எரிந்தன. நாங்கள் இறங்கவில்லை.

31ஆவது வாரம் கடந்தது, 32, 33. 36ஆவது வாரத்தில் குறிப்பேட்டில் 146/94 என்று எழுத நேர்ந்தது. கை நடுங்கியது உண்மை. ஆனால் செய்ய வேண்டியது என்னவென்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தேன். மாத்திரை கொடுத்து, சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, படுக்கையில் வைத்துக் கவனித்தார்கள். 37 வாரம் நிறைந்ததும், 2018 ஜூன் 1ஆம் தேதி அறுவை. ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தேன், அவ்வாறே செய்தார்கள். என் இரண்டாம் மகள் 2,640 கிராம் எடையோடு, திரைக்கு அப்பாலிருந்து என் காதால் கேட்கும்படி அழுதாள். அந்த அழுகையை நான் கேட்டது அதுவே முதல் முறை. முந்தைய இருவரில் ஒருவன் அழவில்லை, மற்றவள் அழுதபோது நான் மயக்கத்தில் இருந்தேன்.

பேற்றோடு இந்நோயின் கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. இது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்றும், ஆண்டுதோறும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆறாம் வாரப் பரிசோதனையில் அம்மையார் சொல்லி அனுப்பினார். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நம் பெண்கள் தம் கையை ஒருமுறை நீட்டி அளந்துகொண்டு வருவதில்லை என்பது என் நெடுநாளைய குறை.

அதனால் அந்தப் பள்ளிக் குறிப்பேடு இன்னும் முடியவில்லை. இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு வரி. அந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகளாக மூத்தவள் ஏற்றிருக்கிறாள். பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தி, எண்ணை உரக்கப் படித்து எழுதுகிறாள். சென்ற முறை 128/84 என்று உருண்டைக் கையெழுத்தில் எழுதி, பக்கத்தில், 'அம்மா காபி குடித்துவிட்டு உட்கார்ந்தாள், அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும்' என்று குறித்திருக்கிறாள்.